சென்னையில் குறைந்த செலவில் வீட்டை அமைத்துக்கொள்வது எப்படி: பொருளுக்கு ஒரு தெரு

சென்னையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவருகிறவர், முன்பணமும் முதல் மாத வாடகையும் வண்டிக் கூலியும் கொடுத்து முடித்த பிறகு, பால் காய்ச்சிய கையோடு வெறும் சுவர்களைப் பார்த்து நிற்கும்போது அவர் கையில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கொஞ்சம்தான். அந்த வெறுமை மனதை உறுத்துவதால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குளிரூட்டப்பட்ட ஒரு பெரிய கடைக்குப் போய், கட்டில் முதல் திரைச்சீலை வரை அத்தனையையும் தவணையில் எடுத்துவிடுகிறோம். அப்படி எடுத்த பொருளில் பாதி, தவணை முடிவதற்குள் உடைந்துபோவதை நான் என் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். இந்த நகரம் பொருட்களைத் தெருத் தெருவாகப் பிரித்து விற்கும் நகரம். துணிக்கு ஒரு தெரு, கண்ணாடிக்கு ஒரு தெரு, மரத்துக்கு ஒரு சாலை, பழைய சாமானுக்கு ஒரு சந்தை என்று அது அமைந்திருக்கிறது. அந்தந்தப் பொருளை அதற்குரிய தெருவில் போய் வாங்கப் பழகியவருக்கு, அதே பணத்தில் இன்னும் நல்ல பொருள் கிடைக்கும்.

முதலில் அளவெடுங்கள்

கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் வேண்டும். அறையின் நீள அகலம், சன்னலின் உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மின் இணைப்புப் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது ஆகியவற்றை எல்லோரும் ஓரளவு குறித்துக்கொள்வார்கள். ஆனால் படிக்கட்டின் அகலத்தையும், அது திரும்பும் இடத்தில் உள்ள இடைவெளியையும் அளப்பவர்கள் குறைவு. நான் அளக்காமல் வாங்கிய ஒரு தேக்கு அலமாரி முதல் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் மூன்று பேர் அரை மணி நேரம் நின்ற பிறகு, அதன் மேல்முகப்பைத் தச்சர் ஒருவரை வைத்து அறுத்தெடுத்துத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அலமாரி வாங்கிய விலையில் சேமித்த பணம் அந்த அரை மணி நேரத்திலேயே போய்விட்டது.

கட்டிலைப் பொறுத்தவரை, கடைக்காரர்கள் “ஆறேகாலுக்கு நாலு”, “ஆறேகாலுக்கு அஞ்சு” என்று அடியில் சொல்வார்கள். ஆறேகால் அடி என்பது 75 அங்குலம். மெத்தை நிறுவனங்கள் 72, 75, 78 என்று அங்குலக் கணக்கில் பல நீளங்களில் செய்வதால், கட்டிலை ஓரிடத்திலும் மெத்தையை வேறிடத்திலும் வாங்கும்போது, கட்டிலின் உட்புற அளவை அங்குலத்தில் எழுதி எடுத்துச் செல்வது அவசியம். மூன்று அங்குல வித்தியாசம் காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், கட்டிலில் அது ஒரு பள்ளமாகவே இருக்கும்.

அளவெடுக்கும்போதே சுவர்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். எந்தச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, எங்கே சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது என்று குறித்துக்கொண்டால், எந்த மரச் சாமானை எங்கே வைக்கக் கூடாது என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். முடிந்தால் பாயும் தலையணையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக ஒரு மாதம் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். வெயில் எந்தச் சன்னல் வழியாக வருகிறது, மாலையில் எல்லோரும் எந்த மூலையில் போய் உட்காருகிறீர்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெளிவாகும். என்னைக் கேட்டால், கையில் உள்ள பணத்தில் ஏறத்தாழ பாதியைக் கட்டிலுக்கும் மெத்தைக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை மெதுவாகச் சேர்க்கலாம் என்பேன்.

பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்கள்

உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாகச் சவுகார்பேட்டை நோக்கி நடந்தால், வீட்டு அலங்காரத்துக்கு வேண்டியவற்றில் பெரும் பகுதி ஒரு நாள் நடையில் கிடைத்துவிடும். பெரும்பாலான மொத்த வியாபாரக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதால், வார நாளில் ஒரு விடுப்பு எடுத்துக்கொண்டு முற்பகலிலேயே போய்விடுவது நல்லது. மாலையில் அந்தத் தெருக்களில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்று ஒரு துணியை விரித்துப் பார்க்கக்கூட இடம் இருக்காது.

கோடவுன் தெரு துணி மொத்த வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. தைத்து முடித்த திரைச்சீலையை வாங்குவதைவிட, இங்கே தானிலிருந்து, அதாவது முழுத் துணிச் சுருளிலிருந்து, துணியை வெட்டி வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தையற்காரரிடம் தைக்கக் கொடுப்பது பெரும்பாலும் மலிவாக முடியும். சில கடைகள் முழுத் தானாக மட்டுமே கொடுக்கும் என்பதால் “மீட்டர் கணக்கில் தருவீர்களா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். துணிக் கணக்கையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். திரை மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமானால், மூடவேண்டிய அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி தேவை. நான்கு அடி அகலமுள்ள வாசலுக்கு எட்டு அடி அகலத் துணி வேண்டும். திரைத் துணி பெரும்பாலும் 48 அங்குலம், அதாவது நான்கு அடி அகலத்தில் வருவதால், இரண்டு துண்டுகள் போதும். உயரம் ஏழு அடி என்றால் 84 அங்குலம். மேலும் கீழும் மடித்துத் தைக்க எட்டு அங்குலம் சேர்த்தால் 92 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.35 மீட்டர். இரண்டு துண்டுகளுக்கு 4.70 மீட்டர் ஆகிறது. பருத்தித் துணியானால் முதல் சலவையில் சுருங்கும் என்பதால் ஐந்து மீட்டராக வாங்கி, தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை தண்ணீரில் நனைத்து உலர்த்திவிடுங்கள். பூப்போட்ட துணியில் இரண்டு துண்டுகளின் பூக்களும் ஒரே வரிசையில் வரவேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் படச் சட்டமும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஒன்றைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால், இருண்ட அறையிலும் வெளிச்சம் கூடும். சிறிய வீட்டுக்கு இதைவிடப் பயனுள்ள அலங்காரம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பெரிய கண்ணாடிக்கு ஐந்து மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். கனம் குறைந்தால் சுவரில் மாட்டிய பிறகு அது லேசாக வளைந்து, உருவத்தையும் வளைத்துக் காட்டும். ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லவும் மறக்க வேண்டாம். படச் சட்டத்துக்கான மரப் பட்டையை அடிக்கணக்கில் விலை சொல்வார்கள். 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் உள்ள ஒரு படத்துக்கு நான்கு பக்கமும் சேர்த்து 60 அங்குலம், அதாவது ஐந்து அடி. மூலைகளைச் சாய்த்து வெட்டுவதில் வீணாவதற்கு ஓர் அடி சேர்த்துக்கொண்டால், கடைக்காரர் சொல்லும் தொகை சரிதானா என்று அங்கேயே கணக்கிட்டுவிடலாம்.

சட்டத்துக்குள் என்ன வைப்பது என்பதற்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. என் வீட்டுக் கூடத்தில் இருப்பது என் பாட்டியின் கிழிந்துபோன பட்டுப் புடவையிலிருந்து எடுத்த ஒரு முழ முந்தானை. மயில் நீலத்தில் மங்கிய சரிகை. அதில் ஓரிடத்தில் அவர் கையால் இழையோட்டிய தையல்கூட அப்படியே தெரிகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள். கோலம் போட்டுப் பழகிய நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கமோ, குழந்தை வரைந்த படமோ, ஊரிலிருந்து வந்த பழைய அஞ்சலட்டையோ அதே போல நன்றாக இருக்கும். பழைய துணியைப் பிசின் போட்டு ஒட்டாமல், பின்னால் வெள்ளைப் பருத்தித் துணி வைத்து நூலால் தைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். பிசின் நாளடைவில் பட்டுத் துணியைக் கறையாக்கிவிடும்.

மரத்தை அறிந்து வாங்குவது

ஒரு தலைமுறைக்கு முன்பு பழைய நாற்காலிக்கும் மேசைக்கும் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டைத்தான் சொல்வார்கள். அது 1985-இல் தீக்கிரையானது. இன்று பழைய சாமான் தேடுகிறவர்கள் போக வேண்டிய இடம் பல்லாவரம். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் சந்தையில், செடிகளும் பறவைகளும் பழைய மின் சாதனங்களும் விற்கும் கூட்டத்துக்கு நடுவே மர நாற்காலிகளும் அலமாரிகளும் மேசைகளும் வந்து இறங்குகின்றன. கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டியில் போய் பல்லாவரத்தில் இறங்கலாம். நல்ல மரச் சாமான் காலையிலேயே கைமாறிவிடும். மாலையில் போனால் மிச்சம்தான் கிடைக்கும், ஆனால் விலை இறங்கும்.

பழைய மரச் சாமானைப் பார்க்கும்போது முன்பக்கத்தைக் கடைசியில் பாருங்கள். முன்பக்கம் பளபளப்பாகத்தான் இருக்கும், ஏனெனில் விற்பவர் அதற்கு வார்னிஷ் அடித்திருப்பார். முதலில் இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் மூலையைப் பாருங்கள். இரண்டு பலகைகளும் பல்லோடு பல் கோத்தபடி இணைந்திருந்தால், அதைச் செய்தவர் தொழில் தெரிந்த தச்சர். வெறும் ஆணியோ பசையோ தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பிறகு பின்பக்கப் பலகையையும் கால்களின் அடியையும் கைபேசி விளக்கில் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகள் இருந்து, தட்டும்போது அவற்றிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தால், மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற மரச் சாமானுக்கும் அது பரவும். துளை மட்டும் இருந்து தூள் உதிரவில்லையானால் பழைய சேதமாக இருக்கலாம், ஆனாலும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள், அண்மையில் யாரோ பூச்சிக்கு மருந்தடித்திருக்கலாம். மண் பூசிய கோடு ஓடியிருந்தால் அது கரையான் வந்த வழி. தேக்கு தன் எண்ணெய்ப் பசையால் கரையானை ஓரளவு தாங்கும், மாமரம் தாங்காது. சொறசொறப்பான உட்பக்கத்தில் நகத்தால் லேசாகக் கீறினால் கிளம்பும் தேக்கு வாசனையை இரண்டு மூன்று முறை முகர்ந்து பழகிவிட்டால், பிறகு சாயம் பூசிய வேறு மரத்தைத் தேக்கு என்று சொல்லி உங்களிடம் யாரும் விற்க முடியாது.

மெத்தை வைத்த பழைய சோபாவை மட்டும் நான் வாங்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன். மூட்டைப்பூச்சி ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை ஒழிக்க ஆகும் செலவில் புதிய சோபாவே வாங்கலாம். மரச் சட்டம் நன்றாக இருந்து வாங்கியே ஆகவேண்டுமானால், தையல் ஓரங்களை விரித்துக் கருப்புப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் பழைய பஞ்சை முழுவதுமாக அப்புறப்படுத்திவிட்டு, குஷன் கடையில் புதிய ஃபோம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோமுக்கு “டென்சிட்டி”, அதாவது அடர்த்தி, என்ன என்று கேட்க வேண்டும். அன்றாடம் உட்காரும் இருக்கைக்கு 32 டென்சிட்டிக்குக் குறைவாக எடுக்காதீர்கள்.

புதியதாகச் செய்துகொள்வதானால், வால்டாக்ஸ் சாலைப் பக்கத்து மரக் கடைகளில் மரத்தின் விலையை விசாரித்துக்கொண்டு, ஒரு தச்சரிடம் கூலியைத் தனியாகப் பேசி எளிய வடிவத்தில் கட்டிலோ புத்தக அலமாரியோ செய்யச் சொல்லலாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதனுடன் உள்ள எண்ணையும் பாருங்கள். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான தர எண். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் கடல்தரப் பிளைவுட்டுக்கு உரியது. சமையலறைக்கும் குளியலறையை ஒட்டிய சுவருக்கும் 710 வாங்குவது வீண் செலவல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வரும் மலிவான சாமான்களைச் சென்னைக்கு ஏற்றவை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு தொலைக்காட்சி மேசையை நான் வாங்கிய ஆண்டிலேயே, ஐப்பசி மழையில் தரையிலிருந்து ஏறிய ஈரத்தில் அதன் அடிப்பலகை அப்பளம்போல் உப்பி, திருகாணிகள் பிடிமானம் இன்றிக் கழன்றுவந்தன. விற்ற கடையோ, நீர்ச் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

துணிமணி வைக்கும் இரும்பு பீரோவுக்கு வேறு கணக்கு. தகட்டின் கனத்தை “கேஜ்” என்பார்கள். எண் குறையக் குறையக் கனம் கூடும். 22 கேஜைவிட 20 கேஜ் கனமானது. பழைய பீரோவில் துரு மேலோட்டமாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சும் பெயின்டும் அடித்து இன்னும் இருபது வருடம் வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியும் பூட்டும் சரியாக விழுகின்றனவா என்பதை மட்டும் நான்கு முறை திறந்து மூடிப் பாருங்கள்.

ஆடியும் மார்கழியும்

வாங்கும் காலம் விலையைத் தீர்மானிக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதை நம்மில் பலர் தவிர்ப்பதால், ஆனி மாதக் கடைசியிலும் கார்த்திகைக் கடைசியிலும் அவசரமாக வீட்டைக் காலி செய்கிறவர்கள் மிகுதி. பள்ளித் தேர்வு முடிந்து ஊர் மாறும் ஏப்ரல், மே மாதங்களும் அப்படித்தான். பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து அடுக்ககங்களில், வெளிநாட்டுக்கோ வேறு நகரத்துக்கோ போகிறவர்கள் ஓரிரண்டு வருடமே பயன்படுத்திய கட்டிலையும் சாப்பாட்டு மேசையையும் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவிலேயே விற்றுவிடுகிறார்கள். அந்த அடுக்ககங்களில் குடியிருக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லிவைப்பது பத்து விளம்பரங்களைப் பார்ப்பதற்குச் சமம். புதிய பொருளுக்கோ ஆடித் தள்ளுபடி நல்ல நேரம். தெரியாதவர் யாரிடமும் பொருளை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

பாய், ஜமுக்காளம், இலவம் பஞ்சு

மெல்லிய ரகத் தரைவிரிப்புகளை இறக்குமதிக் கடைகளில் தேடுகிறவர்களுக்கு, நம் கையருகில் இருப்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். பவானி ஜமுக்காளம் நம் தரைக்கும் வெயிலுக்கும் ஏற்ற கனத்த பருத்தி விரிப்பு. அதன் அகன்ற வண்ணப் பட்டைகள் ஒரு கூடத்தையே மாற்றிக் காட்டும். விசைத்தறியில் செயற்கை நூலால் நெய்த போலிகளும் அதே பெயரில் விற்கப்படுவதால், எழும்பூர் பாந்தியன் சாலையில் தலைமையகம் உள்ள கோ-ஆப்டெக்ஸில் வாங்குவது நிம்மதி. 1935-இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனத்தில் பண்டிகைக் காலத்தில் தள்ளுபடியும் உண்டு. படுக்கை விரிப்புக்குச் சென்னிமலை நெசவையும் அங்கே கேட்டுப் பாருங்கள். நுண்ணிய வேலைப்பாடுள்ள பத்தமடைப் பாயைப் படுக்க மனம் வராவிட்டால், இரு முனையிலும் மூங்கில் கழி கோத்துச் சுவரில் தொங்கவிடலாம். அண்ணா சாலையில் உள்ள பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்திலும் காதி நிலையத்திலும் சிறிய பொருட்கள் நியாயமான விலையில் கிடைக்கின்றன. மண் பானைக்கும் அகலுக்கும் பூச்சாடிக்கும் கொசப்பேட்டைக் குயவர் வீதிகளுக்குப் போங்கள்.

வீட்டில் பழைய இலவம் பஞ்சு மெத்தை இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பஞ்சு மெத்தைக் கடையில் பழைய பஞ்சைப் பிரித்து, அடித்து, குறைந்த அளவுக்குப் புதிய பஞ்சு சேர்த்து, புது உறையில் தைத்துக் கொடுப்பார்கள். நம் கண் முன்னாலேயே பஞ்சைப் பிரிக்கச் சொல்லி உட்கார்ந்து பார்ப்பது நல்லது. மாதம் ஒரு முறை மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்தால் அந்த மெத்தை பல வருடம் உழைக்கும்.

விளக்குக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலனோ பெரிது. கூடத்தில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை விளக்கு மட்டும் எரிந்தால், எவ்வளவு நல்ல சாமான் இருந்தாலும் வீடு அலுவலகம்போல் தோன்றும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்ட எல்.இ.டி. பல்பு ஒன்றை மூலையில் தாழ்வாக வைத்தால், அகல் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் வரும்.

பேரமும் வண்டியும்

பேரம் பேசுவதில் ஒரு வரம்பு வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மொத்தக் கடையில் நான்கு சன்னலுக்கும் சேர்த்து எடுக்கிறேன் என்று சொல்லி விலை குறைக்கக் கேட்பது நியாயம். வெயிலில் பாயைத் தோளில் சுமந்து வருகிறவரிடமும், தானே பானை வனைந்து விற்கிறவரிடமும் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது நியாயமல்ல. அவர்கள் சொல்லும் விலையில் அவர்கள் உழைப்புக்குக் கிடைப்பதே சொற்பம்.

சாமானை வீட்டுக்குக் கொண்டுவரும் செலவை விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் குட்டியானை வண்டி வசதி. பாரிமுனையிலிருந்து வடசென்னைக்குள் கொண்டுபோக மூன்று சக்கர மீன்பாடி வண்டியே போதும். வாடகை பேசும்போது, எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா, ஏற்றி இறக்கும் ஆட்களின் கூலி சேர்ந்ததா என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால் வாசலில் வந்து தகராறு வராது. கண்ணாடியைப் படுக்க வைக்காமல், பழைய போர்வைக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வைக்கும்போது, மர அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அதாவது புரட்டாசி முடிவதற்குள், பீரோவின் கால்களுக்கும் கட்டில் கால்களுக்கும் அடியில் கல்லோ ரப்பர் கட்டையோ கொடுத்துத் தூக்கி வைத்துவிடுங்கள்.